தீப்பிடிக்கும் முன்பே எழுது

பீளமேடு

அன்புள்ள அம்மிணிக்கு,

பெரியப்பா எழுதுவது. உன்னைக் குற்றச் செய்திப் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்று உங்கப்பன் சொன்னான். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம்ம பீளமேட்டைச் சுற்றிக் கல்லூரிகளும் விடுதிகளும் நெருக்கமாக இருக்கின்றன. ஒரு பிள்ளை உயிரை மாய்த்துக்கொண்டால், எந்த இடம், எந்த விதம், கடிதத்தில் என்ன இருந்தது என்று எல்லா விவரமும் ஸ்டேஷனில் கிடைத்துவிடும். அவற்றில் எதையும் எழுதாதே, கண்ணு. அதே தவிப்பில் இருக்கிற இன்னொரு பிள்ளையும் உன் செய்தியைப் படிக்கும். வியன்னாவில் 1987-ல் பத்திரிகைகள் இத்தகைய செய்திகளை அடக்கி எழுதத் தொடங்கிய பின், சுரங்க ரயில் நிலையங்களில் தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன. நம் பிரஸ் கவுன்சிலும் 2019-ல் இதைப் போன்ற நெறிகளைத்தான் வகுத்தது. 'மதிப்பெண் குறைந்ததால்', 'காதல் தோல்வியால்' என்று ஒற்றைக் காரணத்தில் ஒரு உயிரை முடித்துவிடாதே. பிழைத்தவரைக் குற்றவாளி போல எழுதாதே. அவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-ம் பிரிவு.

கொலை வழக்கில் பிடிபட்டவரை 'மனநோயாளி' என்று போலீஸ் சொன்னால், மருத்துவர் சொன்னாரா என்று கேள். இல்லையென்றால் எழுதாதே. தலைப்பில் 'சைக்கோ' வேண்டவே வேண்டாம்.

எழுதாமல் விடுவது மட்டும் பொறுப்பாகிவிடாது. ஏர்வாடியைக் கேள்விப்பட்டிருப்பாய். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்காவுக்கு வந்த மனநலம் பாதிக்கப்பட்டவர்களை வைத்திருந்த தனியார் காப்பகத்தின் கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். நாடே எழுதியது, உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன. சங்கிலியில் கட்டுவதற்கு இப்போது சட்டத்திலேயே தடை இருக்கிறது. ஆனால் அந்தச் சங்கிலி அன்று காலை வந்ததா? அந்த ஊருக்குப் போய் வந்தவர்கள் கண்ணெதிரே வருஷக்கணக்காகக் கிடந்தது. அது முதல் பக்கத்துக்கு வர 28 உயிர் போக வேண்டியிருந்தது. நம் பத்திரிகைத் தொழிலுக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு எனக்குத் தெரிந்து இல்லை.

தற்கொலைச் செய்தியின் அடியில் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ஐப் போடு. அதோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிடாதே. திருச்சி ரோடு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு காலைப்பொழுது போய் உட்கார். மாத்திரை வாங்க வருகிறவர்கள் எத்தனை பஸ் மாறி வந்தார்கள், அன்றைய கூலி என்னாச்சு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரை கிடைக்குமா என்று கேள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் எழுது. பெயரும் படமும் வேண்டாம்.

அதற்கு இடமில்லை என்று ஆசிரியர் சொல்லக்கூடும். விடாதே அம்மிணி, அடுத்த வாரமும் போய்க் கேள்.

அன்புடன்,
பெரியப்பா