குதிரைப் பிள்ளையின் கதையை எழுதப் போகிறவர்களுக்கு

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் சிறுவர் கதை எழுதக் கிளம்பியிருக்கும் தம்பி தங்கைகளே, உங்களில் சிலர் ஒரே கருவோடு வருகிறீர்கள். குதிரை என்றால் அந்தப் பிள்ளைக்கு உயிர். ஆனால் குதிரை கிட்டே வந்தாலே கண் சிவந்து, மூக்கு ஒழுகி, மூச்சு இழுக்கும். நல்ல கரு. பள்ளிப் பைக்குள் இன்ஹேலரும் வைத்துக்கொண்டு போகிற பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் தங்களையே கண்டுகொள்ளத் தமிழில் கதைகள் போதாது. அதனால்தான் இத்தனை கண்டிப்போடு சொல்கிறேன்.

1. கடைசிப் பக்கத்தில் நோயைக் குணமாக்காதீர்கள்.

என்னிடம் வரும் கதைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் முடிகின்றன: பிள்ளை ஓடிப்போய்க் குதிரையைக் கட்டிக்கொள்கிறது, தும்மல் நின்றுவிடுகிறது, பாசம் ஜெயிக்கிறது. ஒவ்வாமை உள்ள பிள்ளை இதைப் படித்தால், ‘எனக்கு மட்டும் ஏன் போகல? எனக்குப் பாசம் பத்தலையா?’ என்றுதான் கேட்டுக்கொள்ளும். கொஞ்சம் துணிச்சலான பிள்ளையோ, பெசன்ட் நகர் கடற்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துச் சோதித்தே பார்த்துவிடும். கடுமையான இழுப்பு உயிருக்கே ஆபத்து. கதைக்காகக்கூட அதை லேசாக்கக் கூடாது. சுருட்டை முடிக் குதிரை இனம் ஒன்றைக் கொண்டுவந்து, ‘இது ஒவ்வாமை தராது’ என்று முடிச்சை அவிழ்ப்பவர்களும் உண்டு. அந்த இனத்தைச் சோதித்தபோது அதன் முடியிலும் அதே புரதங்கள்தான் இருந்தன. அந்த வழியும் வேண்டாம்.

2. நோயை விவரமாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

குதிரை முடிதான் காரணம் என்று எழுதிவிடுகிறீர்கள். தோலிலிருந்து பொடிப்பொடியாக உதிரும் செதிலிலும் எச்சிலிலும் இருக்கும் புரதம்தான் ஆகாதது. அது காய்ந்து காற்றில் மிதக்கும், சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரைக்கும் வரும். இது தெரிந்துவிட்டால் கதைக்கு வழி தானாகப் பிறக்கும். அப்பாவுக்குக் குதிரை லாயத்தில் வேலை, பழவந்தாங்கலில் வீடு என்று வையுங்கள். சாயங்காலம் வந்ததும் பின்பக்கமே சட்டையைக் கழற்றி வாளியில் முக்கிவிட்டு, தலைக்குக் குளித்த பிறகுதான் மகளைத் தூக்குகிறார். அவளோ அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்க்கத்தான் காத்திருக்கிறாள். இதற்குமேல் சம்பவம் எதுவும் தேட வேண்டாம்.

பிள்ளையின் முகத்தையும் பாருங்கள். அரிப்பு தாங்காமல் உள்ளங்கையால் மூக்கை மேலே மேலே தள்ளித் தேய்ப்பார்கள். தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கும். கண்ணுக்குக் கீழே கருத்திருக்கும். வாயைத் திறந்தபடி தூங்குவார்கள். ‘ரெண்டு பஃப் அடிச்சுட்டியா?’, ‘நெபுலைசர் வெச்சாத்தான் அடங்கும்’ என்று வீட்டில் பேசுகிற பேச்சையே எழுதுங்கள். இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயில் வாயை வைத்து மெதுவாக இழுப்பதையும், தினசரி மருந்து எடுத்தபின் வாய் கொப்பளிப்பதையும் எழுதுங்கள். பக்கத்து வீட்டம்மா ‘இன்ஹேலர் பழகிடும், விட்டுடு’ என்று சொல்லும் இடம் வந்தால், அதற்குப் பதில் சொல்ல ஒரு ஆளைக் கதைக்குள் வையுங்கள். அந்தப் பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்திய வீடுகள் நிறைய.

3. குதிரையை நம் ஊரிலேயே தேடுங்கள்.

பச்சைப் புல்வெளியும் மரவேலியும் எந்தப் படத்திலிருந்தோ வருகின்றன. நமக்குக் கிண்டி இருக்கிறது. அங்கே 1777-லேயே குதிரைப் பந்தயம் நடந்திருக்கிறது. 1896-ல் பந்தயக் கிளப் அமைந்தது. 2024 செப்டம்பரில் அந்தக் கிளப்பிடமிருந்த சுமார் 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை ரத்து செய்து அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. ஆகவே உங்கள் கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் குதிரைகள் இருக்கின்றன. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமந்து, பேண்டு சத்தத்துக்கும் பட்டாசுக்கும் நடுவே தலை குனிந்து நடக்கும் வெள்ளைக் குதிரையும் இருக்கிறது.

சானடோரியத்தையும் விட்டுவிடாதீர்கள். 1928-ல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காகத் தாம்பரத்தில் அதைத் தொடங்கினார். சுத்தமான காற்றே மருந்து என்று நம்பப்பட்ட காலம் அது. இன்று அது நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை. மூச்சு விடச் சிரமப்படும் பிள்ளை தினமும் மின்சார ரயிலில் அந்தப் பெயர் தாங்கிய நிலையத்தின் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறது. அது யாரிடமாவது அந்தப் பெயருக்கு அர்த்தம் கேட்கட்டும்.

4. குதிரைக்கும் ஒவ்வாமைக்கும் உள்ள பழைய உறவைப் படியுங்கள்.

இதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். தொண்டை அடைப்பான் நோய் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன காலத்தில், 1890-களில், குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம்தான் அதற்கு மருந்தாக வந்தது. பிழைத்த பிள்ளைகள் ஏராளம். ஆனால் ஊசி போட்ட சில நாட்களில் சிலருக்குக் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி வந்தன. வியன்னாவில் பிர்கே, ஷிக் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள் இதைக் கவனித்து 1905-ல் புத்தகமாகவே எழுதினார்கள். உடம்பைக் காக்கிற அதே ஏற்பாடுதான் சில சமயம் உடம்புக்கு எதிராகவும் திரும்புகிறது என்பதைப் பிர்கே அங்கேதான் பிடித்தார். ஒவ்வாமை என்ற கருத்தை 1906-ல் மருத்துவத்துக்குக் கொடுத்தவர் அவர். அதாவது, குதிரை காப்பாற்றிய பிள்ளைகளிடம்தான் ஒவ்வாமையை உலகம் முதலில் புரிந்துகொண்டது.

இது வியன்னாவோடு முடியவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்குப் போய்ப் பாருங்கள். 1978-ல் அமைந்த இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றிடமிருந்து நஞ்சை எடுக்கிறது. மருந்து தயாரிப்பவர்கள் அதைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஏற்றுவார்கள். குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டானதும் அதைப் பிரித்தெடுத்து மருந்தாக்குகிறார்கள். செங்கல்பட்டுப் பக்கம் வயலில் பாம்பு கடித்த தாத்தாவின் உடம்பில் ஏறுவது குதிரை கொடுத்த மருந்து. அதற்கும் ஒவ்வாமை வரலாம் என்பதால் மருத்துவர் அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டுதான் அதை ஏற்றுவார். குதிரைமேல் ஏற முடியாத பேத்திக்கு இது தெரியவரும் இடத்தை நீங்கள் எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

5. பொம்மையைக் கொடுத்து ஏமாற்றாதீர்கள்.

‘நிஜக் குதிரை இல்லாட்டி என்ன, இது இருக்கே’ என்று ஒரு மரக்குதிரையைக் கையில் திணித்துக் கதையை முடிப்பது பிள்ளையை மதிக்காத வேலை. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் நிற்கும் அய்யனார் குதிரைகளைக் கதைக்குள் கொண்டுவருவதானால், ஆறுதல் பரிசாக வேண்டாம். அந்த மண்குதிரையின் வயிறு ஏன் உள்ளே வெற்றாக இருக்கிறது, சூளையில் வெடிக்காமல் எப்படி வேகிறது என்று கேட்டுத் துளைக்கிற பிள்ளையாக உங்கள் பிள்ளை இருக்கட்டும். சவாரி செய்கிறவர்களுக்கு மட்டுமா குதிரை சொந்தம்? ஆங்கில எழுத்தாளர் அன்னா சூவல் பதினான்கு வயதில் கால் அடிபட்டு, ஒழுங்காக நடக்க முடியாமல், போகவரக் குதிரை வண்டியையே நம்பி வாழ்ந்தவர். நோயோடு படுத்திருந்து எழுதிய ‘பிளாக் பியூட்டி’ 1877-ல் வந்தது. குதிரையே தன் கதையைச் சொல்லும் நாவல் அது. அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

6. குதிரைக்கும் இழுப்பு வரும்.

தூசியும் பூஞ்சையும் படிந்த வைக்கோலைத் தின்னும் குதிரைகளுக்கு ஆஸ்துமா வருகிறது. இருமும். மூக்குத்துளை விரியும், விலா ஒட்டும். மனிதரைப்போல வாயால் மூச்சு வாங்கிச் சமாளிக்கவும் அதனால் முடியாது. குதிரைக்கு மூச்சு மூக்கு வழியாக மட்டும்தான். வைத்தியமாகத் தீவனப்புல்லைத் தண்ணீரில் நனைத்துப் போடுவார்கள், லாயத்தில் காற்றோட்டம் செய்வார்கள். தேவைப்பட்டால் மூக்கில் பொருத்தும் ஸ்பேசர் வழியாக இன்ஹேலரும் கொடுப்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருமும் குதிரையைப் பார்த்ததும் வைக்கோலை நனைக்கச் சொல்ல, உங்கள் பிள்ளையைவிடத் தகுதியான ஆள் யார்?

7. அச்சுக்குப் போகும் முன் இரண்டு பேரிடம் காட்டுங்கள்.

ஒருவர் குழந்தை மருத்துவர். மருந்தின் பெயர், அளவு, வரிசை எதுவும் தப்பாகப் போய்விடக் கூடாது. இன்னொருவர் இழுப்பு உள்ள ஒரு பிள்ளை. அதன் அம்மாவிடம் கேட்டு அனுமதி வாங்கி, உரக்கப் படித்துக் காட்டுங்கள். நடுவில் ‘அப்படியெல்லாம் இருக்காது’ என்று சொன்னால், படிப்பதை அங்கேயே நிறுத்திவிட்டு எப்படி இருக்கும் என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.