வளையல் கடைத்தெரு

ஹைதராபாத் தெலங்கானா மாநிலத்தின் தலைநகரம். அந்த நகரத்தின் பழைய பகுதியில் சார்மினார் இருக்கிறது. 'சார்' என்றால் நான்கு. 'மினார்' என்றால் கோபுரம். 1591-ஆம் ஆண்டு முகம்மது குலி குதுப் ஷா என்ற அரசர் இதைக் கட்டினார். நான்கு பக்கமும் நான்கு பெரிய வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எதிரே ஒரு சாலை. 1889-இல் நான்கு பக்கமும் கடிகாரம் வைத்தார்கள்.

விடுமுறைக்கு ஹைதராபாத் வருகிறவர்கள் மாலையில் இங்கே கூடுகிறார்கள். மேலே ஏறிப் பார்க்க நினைப்பவர்கள் பகலிலேயே வர வேண்டும். ஆனால் கடைத்தெருவைப் பார்க்க மாலைதான் நல்லது.

சார்மினாருக்கு மேற்கே போகும் தெருவின் பெயர் லாட் பஜார். தெருவின் இரண்டு பக்கமும் வளையல் கடைகள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று வளையல்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். விளக்கைப் போட்டதும் அவற்றில் பதித்த கற்கள் மின்னுகின்றன. கூட்டம் தோளோடு தோள் இடிக்கிறது. குழந்தையின் கையை விடக்கூடாது. பணப்பையும் பத்திரம்.

பெயர்ப் பலகைகளில் தெலுங்கு, உருது, ஆங்கிலம் இருக்கும். தமிழ் இருக்காது. அதற்காகத் தயங்க வேண்டாம். விலையை 1, 2, 3 என்றுதான் எழுதுகிறார்கள். வளையல் அளவும் அப்படியே. 2-4, 2-6, 2-8 என்று இருக்கும். முதல் எண் அங்குலம். அடுத்த எண், ஓர் அங்குலத்தை 16 பங்காக்கினால் அதில் எத்தனை பங்கு என்பது. 2-4 என்றால் இரண்டேகால் அங்குலம். 2-8 என்றால் இரண்டரை அங்குலம். தன் கை அளவு தெரிந்தவர் மொழி தெரியாமலே வளையல் வாங்கிவிடலாம்.

"பாய், என்ன விலை?" என்று கேட்டால் கடைக்காரர் ஒரு விலை சொல்வார். அது கடைசி விலை இல்லை. நான்கு கடை விசாரித்தால் நிலவரம் தெரியும்.

இந்தத் தெருவுக்குப் பெயர் வாங்கித் தந்தது அரக்கு வளையல். மகாபாரதத்தில் பாண்டவர்களை எரிக்க அரக்கு மாளிகை கட்டிய கதை நமக்குத் தெரியும். அதே அரக்குதான். ஒரு சின்னஞ்சிறு பூச்சி மரக்கிளையில் சாறு குடிக்கிறது. அதன் உடலில் சுரக்கும் பிசின் கிளையில் ஒட்டிக் காய்கிறது. அதுவே அரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் இதைச் சேகரிக்கிறார்கள்.

அரக்கைக் கரி நெருப்பில் இளக்குகிறார்கள். பிசைந்து, கயிறுபோல் உருட்டி, வட்டமாக வளைக்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் கற்களை ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். ஆறிவிட்டால் கல் ஒட்டாது. மறுபடி சூடு காட்ட வேண்டும். சூட்டில் விரல் நுனி காய்த்துப்போகும். நெருப்பின் அருகே நாள் முழுவதும் குனிந்து உட்கார்ந்தால் முதுகும் கண்ணும் வலிக்கும். பழைய நகரத்தின் சந்துகளில், வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் இந்த வேலை நடக்கிறது. பெண்கள் பலர் செய்கிறார்கள். எத்தனை செய்தார்களோ அத்தனைக்குத்தான் கூலி. உடம்பு முடியாத நாளில் கூலி இல்லை. கடையில் தொங்கும் அட்டையில் வளையலின் விலை இருக்கும். செய்தவருக்குக் கிடைத்த கூலி இருக்காது.

2024-ஆம் ஆண்டு ஹைதராபாத் அரக்கு வளையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு இருப்பது போன்ற சட்டப் பாதுகாப்பு இது. வேறு ஊரில் செய்த வளையலை அந்தப் பெயரில் விற்கக்கூடாது. ஆனால் இதே தெருவில் கண்ணாடி வளையலும் பிளாஸ்டிக் வளையலும் உண்டு. கண்ணாடி வளையல்களில் பெரும்பாலானவை உத்தரப் பிரதேசத்து ஃபிரோசாபாத்தில் செய்தவை. எது அரக்கு என்று கேட்டு வாங்குவது நல்லது. வாங்கியவர்கள் அடுப்படியில் அதைக் கழற்றி வைக்க வேண்டும். சூடு பட்டால் இளகிவிடும்.

நடந்து கால் வலித்தால் ஈரானி டீக்கடைகள் இருக்கின்றன. டிகாக்ஷனை மூடிப்போட்டு நெடுநேரம் கொதிக்க வைக்கிறார்கள். பாலைத் தனியே சுண்டக் காய்ச்சுகிறார்கள். கோப்பையில்தான் இரண்டும் சேரும். கூடவே உஸ்மானியா பிஸ்கட். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் உப்பு. கடைசி நிஜாம் உஸ்மான் அலி கானின் பெயர் அதற்கு.

ரமலான் மாதத்தில் இந்தத் தெரு தூங்குவதே இல்லை. நோன்பு திறந்த பிறகு கூட்டம் வரத் தொடங்கும். கோதுமையும் இறைச்சியும் பல மணி நேரம் வேகவைத்துக் கடைந்த ஹலீம் தட்டுத் தட்டாகப் போகும். பெருநாளுக்கு வளையல் வாங்கும் பெண்கள் நள்ளிரவுக்குப் பிறகும் கடை கடையாக ஏறி இறங்குவார்கள்.