கிளாக் பிஸ்டல்: எதற்குப் பயப்பட வேண்டும்?

கிளாக் 17 பிஸ்டலைப் பற்றிய கதைகளில் மூத்தது இதுதான்: முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆனது, விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. 1986இல் அமெரிக்கப் பத்திரிகைப் பத்தி ஒன்று, லிபியாவின் ஆட்சியாளர் கடாஃபி இந்தப் பிளாஸ்டிக் பிஸ்டல்களை வாங்கப் பார்க்கிறார் என்று எழுதியது. அச்சம் அங்கிருந்து பரவியது. 1990இல் வந்த 'டை ஹார்ட் 2' படத்தில் கதாநாயகனே, 'கிளாக் 7' என்பது ஜெர்மனியில் பீங்கானால் செய்த துப்பாக்கி, எக்ஸ்ரேயில் அகப்படாது என்று விளக்கம் சொல்கிறார். கிளாக் 7 என்று ஒரு மாடலே கிடையாது. கம்பெனி இருப்பது ஜெர்மனியில் அல்ல, ஆஸ்திரியாவில். பீங்கான் ஒரு துளிகூட இல்லை.

கைப்பிடியும் சட்டகமும்தான் பாலிமர் என்ற பிளாஸ்டிக். குழல், மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு, ஸ்பிரிங்குகள் எல்லாம் உலோகம். தோட்டா அடுக்கும் மேகசின் இல்லாத பிஸ்டல் சுமார் 625 கிராம். அதில் பெரும்பங்கு எஃகு. உலோகக் காட்டியில் தெரியாத துப்பாக்கிகளைத் தடை செய்ய அமெரிக்கா 1988இல் சட்டம் கொண்டுவந்தபோது, வைத்த அளவுகோல் 3.7 அவுன்ஸ், அதாவது சுமார் 105 கிராம் எஃகு. கிளாக் அதை எப்போதோ தாண்டிவிட்டது. பாலிமர் சட்டகத்தைக் கண்டுபிடித்ததே கிளாக்தான் என்பதும் தவறு. ஹெக்லர் அண்ட் கோஹ் நிறுவனத்தின் விபி70 பிஸ்டல் 1970லேயே அப்படி வந்துவிட்டது.

மேகசினில் 17 தோட்டா பிடிப்பதால் 'கிளாக் 17' என்ற பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தற்செயல். கம்பெனியை நிறுவிய காஸ்டன் கிளாக்கின் 17ஆவது காப்புரிமை இது, அதனால் வந்த எண். அவர் அதுவரை துப்பாக்கி செய்தவரே அல்ல. திரைச்சீலைக் கம்பியும், பிறகு ராணுவத்துக்குக் கத்தியும் மண்வெட்டியும் செய்து கொடுத்தவர். ஆஸ்திரிய ராணுவம் புதுப் பிஸ்டல் தேடுகிறது என்று அறிந்து, விஷயம் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்துக் கேட்டுக் கேட்டு வடிவமைத்தார். 1982இல் ராணுவம் அதை 'பி80' என்ற பெயரில் ஏற்றது. பிறகு நார்வே, ஸ்வீடன், 2013இல் பிரிட்டன் என ஒவ்வொரு நாடாகச் சேர்ந்தன. இந்தியாவில் தேசியப் பாதுகாப்புப் படையின் கமாண்டோக்கள் கையிலும் இது உண்டு.

சினிமா இன்னொன்றையும் நம்ப வைத்திருக்கிறது: குண்டு பட்டவர் தூக்கி எறியப்படுவார் என்று. 9 மில்லிமீட்டர் குண்டின் எடை சுமார் 8 கிராம், வேகம் நொடிக்கு 360 மீட்டர் அளவில். 70 கிலோ மனிதரின் உடலில் அது முழுதாகத் தங்கினாலும், அவர் பின்னால் நகரும் வேகம் நொடிக்கு நான்கு சென்டிமீட்டர்தான். சுட்டவர் கை அதிர்ந்ததோடு நிற்கும்போது பட்டவர் மட்டும் பறக்க வழியில்லை. குண்டு ஆளைக் கொல்வது தள்ளி அல்ல, துளைத்து.

இவையெல்லாம் உயிரைப் பறிக்காத தவறுகள். அடுத்தது அப்படி அல்ல.

"கிளாக்கில் சேஃப்டியே இல்லை" என்பார்கள் ஒரு சாரார். வெளியே விரலால் தள்ளும் சேஃப்டி பட்டன் இல்லைதான். ஆனால் உள்ளே மூன்று தடுப்புகள் இருக்கின்றன: டிரிக்கர் என்னும் சுடும் விசையின் நடுவே ஒரு சின்ன நெம்புகோல், தோட்டாவைக் குத்தும் ஊசியை மறிக்கும் ஒரு தடை, கீழே விழுந்தால் ஊசி நழுவாமல் பிடிக்கும் ஓர் அமைப்பு. ஆகவே "தானாக வெடிக்கவே வெடிக்காது, பயமே வேண்டாம்" என்பார்கள் இன்னொரு சாரார். இந்த இரண்டாம் பேச்சுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். அந்த மூன்று தடுப்புகளும் விசையை அழுத்தியதுமே ஒன்றன்பின் ஒன்றாக விலகிவிடும். அழுத்தியது போலீஸ்காரர் விரலா, குழந்தையின் விரலா, உறையில் மாட்டிய சட்டை நுனியா என்று பிஸ்டலுக்குத் தெரியாது. வாஷிங்டன் நகரப் போலீஸ் கிளாக்குக்கு மாறிய பத்தாண்டில் 120க்கும் மேற்பட்ட முறை தவறுதலாகக் குண்டு வெடித்ததாக 1998இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. பயிற்சி பெற்றவர்கள் கதியே அது.

'பயமே வேண்டாம்' என்ற பேச்சுக்குள் மறைந்திருக்கும் ஆகக் கொடிய நம்பிக்கை: மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி. காலி இல்லை. செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் ஒரு தோட்டா ஏற்கெனவே குழலின் அடிப்பகுதியான சேம்பரில் ஏறி நிற்கலாம். கிளாக்கில் மேகசினை உருவிய பிறகும் அந்த ஒன்று வெடிக்கும். அதைவிட மோசம், சுத்தம் செய்யப் பிரிப்பதென்றால் கிளாக்கின் விசையை ஒருமுறை அழுத்தியே ஆக வேண்டும். சேம்பரைப் பார்க்காமல் அப்படி அழுத்திய கைகளால் உயிர்கள் போயிருக்கின்றன.

பணி ஆயுதம் வீட்டுக்கு வரும் குடும்பங்களில் பெரியவர்கள் இந்த வரிசையைத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் மேகசின் வெளியே. பிறகுதான் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, இருட்டென்றால் விரலால் தொட்டும் பார்க்க வேண்டும். வரிசை மாறினால், அதாவது மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்துவிட்டால், ஒரு தோட்டா வெளியே தெறிக்கும். அதைக் கண்டு காலியானது என்று நினைக்கும் அந்த நொடியில், மேகசினிலிருந்து அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறியிருக்கும்.