ஈகையிற் சிறந்தது எது?

பசித்தவனுக்கு அன்னமிடுதல் அறமே. ஆயினும் மறுநாளும் அவனுக்குப் பசிக்கும். ஏழைக்குத் தொழில் தேடிக்கொடுத்து, பிறர் கையை எதிர்பாராது வாழச் செய்வதே ஈகையின் மிக உயர்ந்த படி என 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடீஸ் வகுத்தார்.

இந்நெறிக்கு நல்ல எடுத்துக்காட்டு ‘ஓர்ட்’ என்னும் யூதர் சங்கம். 1880-ஆம் ஆண்டு ரஷ்யாவில் தோன்றிய இச்சங்கம், வறிய யூதர்க்குக் கைத்தொழிலும் உழவும் பயில உதவியது. தொழில் நடத்தக் கடனும் அளித்தது.

1945-இல் உலகப் போர் முடிந்தபின், நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி ஜெர்மனியில் அகதி முகாம்களில் தங்கியோர்க்குத் தையல், தச்சு முதலிய தொழில்களைக் கற்பித்தது. சுற்றத்தை இழந்து சோர்ந்திருந்த பலருக்கு அப்பயிற்சி பிழைக்கும் வழியாக மட்டுமன்றி, வாழ்வில் பற்றுக்கோடாகவும் அமைந்தது.

பஞ்சாயத்து அங்கத்தினர்களே! உதவி நாடி வருவோரிடம், “எவ்வளவு வேண்டும்?” என்று வினவுமுன், “எத்தொழில் தெரியும்? எதைக் கற்க விருப்பம்?” என்று வினவுங்கள்.