அளந்த பிறகே இணைப்பு

படிவம் மூன்று மாணவர் இருவர் பள்ளித் தோட்டத்திற்குத் தானியங்கி நீர்ப்பாய்ச்சும் கருவி ஒன்றை உருவாக்குகின்றனர் எனக் கொள்க. மண் உலர்ந்ததை ஈர உணரி தெரிவிக்கும். உடனே நுண்கட்டுப்படுத்திப் பலகை, ரிலே சுவிட்சின் வழியாக நீரிறைப்பானை இயக்கும். நீரிறைப்பானுக்கு 12 வோல்ட் மின்னழுத்தம் தேவை. பலகைக்கோ 5 வோல்ட் போதும். அவர்களிடம் இருப்பதோ ஒரே ஒரு 12 வோல்ட் மின்கலம். அதிலிருந்தே இரண்டுக்கும் மின்சாரம் வழங்குவது எப்படி?

இத்தகைய சூழலில் கைகொடுப்பது மின்னழுத்தக் குறைப்பி ஆகும். இது இரு வகைப்படும். முதலாவது நேரியல் குறைப்பி. இது மிகுதியான மின்னழுத்தத்தை வெப்பமாக வெளியேற்றிவிடும். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்து 1 ஆம்பியர் மின்னோட்டம் வழங்கும்போது, பலகைக்குக் கிடைப்பது 5 வாட். வெப்பமாக வீணாவது 7 வாட். இதனால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். குறைப்பியும் கைவைக்க முடியாதபடி சூடேறும்.

இரண்டாவது வகை, இணைத்தும் துண்டித்தும் இயங்கும் குறைப்பி. மாணவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் எல்எம்2596 என்னும் சில்லு இவ்வகையைச் சேர்ந்தது. அது மின்சாரத்தை ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 150,000 முறை இணைத்துத் துண்டிக்கிறது. அடியில் சிறு துளையுள்ள வாளியில் குவளை குவளையாக நீரை ஊற்றினாலும், துளை வழியே நீர் இடைவிடாமல் ஒழுகும் அல்லவா? அதுபோலவே, விட்டுவிட்டு வரும் மின்சாரத்தைக் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் தேக்கிச் சீராக வெளியிடுகின்றன. இணைப்பு நீடிக்கும் நேரம் குறைந்தால் வெளியீட்டு மின்னழுத்தமும் குறையும். ஏறத்தாழ 80 விழுக்காட்டுத் திறனுடன் இது இயங்கினால், முன்னர்க் கூறிய 5 வாட்டை வழங்கும்போது 1.25 வாட் மட்டுமே வீணாகும்.

இக்குறைப்பியின் மேற்புறத்தில் ஒரு சிறிய பித்தளைத் திருகு இருக்கும். அதனைத் திருப்பி, வேண்டிய மின்னழுத்தத்தை அமைத்துக்கொள்ளலாம். ஒரே குறைப்பி இன்று 5 வோல்ட்டையும் நாளை 3.3 வோல்ட்டையும் வழங்கும். இதுவே அதன் சிறப்பு. இதுவே அதன் ஆபத்தும் ஆகும்.

புதிதாக வாங்கிய குறைப்பியின் திருகு எந்த அளவில் நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது. மாணவர்களுள் ஒருவர் திருகை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, பலகையை இணைக்க முற்படுகிறார்.

“கொஞ்சம் பொறு. முதலில் அளந்து பார்ப்போம்,” என்று மற்றவர் தடுக்கிறார்.

பன்மானி 11 வோல்ட்டுக்கும் மேல் காட்டுகிறது! பலகையின் 5 வோல்ட் முனையில் அதனை இணைத்திருந்தால், பல வார உழைப்பு நொடிப்பொழுதில் கருகியிருக்கும். இத்தகைய திருகு பல சுற்றுகள் சுற்றக்கூடியது. தொடக்கத்தில் பல சுற்றுகள் வரை மாற்றமே தெரியாமல் போகலாம். ஆகவே, பன்மானியைப் பார்த்தவாறே பொறுமையாகத் திருப்புதல் வேண்டும்.

முதலில், மின்கலத்தின் நேர்முனையையும் எதிர்முனையையும் சரிபார்த்து உள்ளீட்டில் இணைக்க வேண்டும். முனைகள் மாறினால் சில்லு பழுதாகும். அடுத்து, வெளியீட்டில் பன்மானியை மட்டும் இணைத்து, 5 வோல்ட் காட்டும் வரை திருகைத் திருப்ப வேண்டும். பின்னர், மின்கலத்தைத் துண்டித்துவிட்டுப் பலகையை இணைக்க வேண்டும். மீண்டும் மின்சாரம் வழங்கியதும் இன்னொரு முறை அளப்பது நன்று. இறுதியாக, திருகின்மேல் ஒரு துளி நகப்பூச்சு இட்டால் அது தானே நகராது.

குறைப்பிக்கும் எல்லைகள் உண்டு. உள்ளீடு எப்போதும் வெளியீட்டைவிடக் கூடுதலாக இருத்தல் வேண்டும்; ஆனால், 40 வோல்ட்டைத் தாண்டுதல் கூடாது. மின்னோட்டத்தின் உச்ச அளவு 3 ஆம்பியர். சுவர் மின்செருகியிலிருந்து வரும் மின்சாரத்துடன் இதனை ஒருபோதும் நேரடியாக இணைத்தல் கூடாது.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பர் பெரியோர். மின்னழுத்தம் அறியாமல் கம்பியை இணைப்பதும் அத்தகையதே. அளப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். கருகிய பலகையை மீட்க எத்தனை நாள் முயன்றாலும் இயலாது.