சேறு சொல்லும் சான்று

நுழையும்முன்

ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்து தேங்கும் உவர்நீர்ப் பரப்பைப் பண்டைத் தமிழர் கழி என்றனர். மீனும் உப்பும் தந்து நெய்தல் நில மக்களை வாழ்வித்தவை கழிகள். அவற்றின் அடிச்சேற்றில் இன்று கண்ணுக்குப் புலப்படாத நஞ்சு சேர்ந்து வருகிறது. அது சேரும் வழியையும் விளைக்கும் தீங்கையும் இப்பாடம் விளக்குகிறது.

எண்ணூரும் பழவேற்காடும்

சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் பரந்துள்ள இவ்வேரியையும் வங்கக்கடலையும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு பிரிக்கிறது. இதற்குத் தெற்கே, கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகம் உள்ளது. இவ்விரண்டையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. எண்ணூரைச் சுற்றி அனல்மின் நிலையங்களும் தொழிற்சாலைகளும் பெருகியுள்ளன. நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் சாம்பலில் ஆர்செனிக், காரீயம், குரோமியம், பாதரசம் முதலிய தனிமங்கள் நுண்ணளவில் உள்ளன. அச்சாம்பல் கழிமுகத்தின் அடியிலும் படிந்துள்ளது.

சேற்றில் தங்கும் உலோகம்

நீரில் கலக்கும் உலோகங்கள் நுண்ணிய களிமண் துகள்களிலும் மட்கிய பொருள்களிலும் ஒட்டிக்கொள்கின்றன. நன்னீரும் உவர்நீரும் கலக்குமிடத்தில் இத்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு அடியில் படிகின்றன. ஆகவே, மேலே நீர் தெளிந்திருந்தாலும் கீழே நஞ்சு மிகுந்திருக்கலாம். பிற கழிவுகள் பலவும் காலப்போக்கில் சிதைந்துவிடும், உலோகம் சிதைவதில்லை. உயிர்வளியற்ற சேற்றில் அது கந்தகத்தோடு சேர்ந்து அடங்கிக் கிடக்கிறது. தூர்வாரும்போது சேறு கலங்கி உயிர்வளி பட்டால், அடங்கியிருந்த உலோகத்தின் ஒரு பகுதி மீண்டும் நீரில் கரைகிறது.

அடுக்குகளின் வரலாறு

உலோகங்கள் மண்ணில் இயல்பாகவும் உள்ளவை. மனிதரால் சேர்ந்த பங்கை அறிய, ஆய்வாளர் நீண்ட குழாயைச் சேற்றில் இறக்கி அடுக்குக் குலையாமல் எடுக்கின்றனர். ஆழத்தில் உள்ள அடுக்கு தொழிற்சாலைகளுக்கு முந்திய நிலையைக் காட்டும்; மேலடுக்கு அண்மைக்கால நிலையைக் காட்டும். ஏறத்தாழ 22 ஆண்டு அரைவாழ்வுக் காலம் கொண்ட காரீயம்-210 என்னும் கதிரியக்க ஐசோடோப்பைக் கொண்டு அடுக்குகளின் அகவையைக் கணக்கிடுகின்றனர்.

மினமாட்டா தரும் படிப்பினை

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் வேதித் தொழிற்சாலை ஒன்று மெத்தில் பாதரசம் கலந்த கழிவை வெளியேற்றியது. அங்கு மீனுண்ட மக்களை நரம்புநோய் தாக்கியது 1956ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அக்கழிவு 1968இல் நின்றது. எனினும், நஞ்சேறிய சேற்றைத் தோண்டியும் மூடியும் 58 எக்டேர் நிலமாக்கும் பணி 1977இல் தொடங்கி 1990இல்தான் நிறைவுற்றது. கழிவை நிறுத்துவது முதற்படி மட்டுமே என்பதை இது உணர்த்துகிறது.

கைகளுக்கு அருகில்

வலையும் படகும் இன்றி, கழுத்தளவு நீரில் அமர்ந்து சேற்றைத் துழாவி இறால் பிடிப்போர் இன்றும் இக்கழிகளில் உண்டு. சேறு அவர்களது விளைநிலம். சேற்றில் வாழும் இறாலும் நண்டும் மட்டியும் உலோகத்தை உடலில் ஏற்கின்றன. அவற்றின் வழியே அது மனிதரை அடைகிறது. தோன்றும் இடத்திலேயே கழிவைத் தடுப்பதும், ஆய்ந்தறிந்த பின்னரே தூர்வாருவதும் இன்றியமையாதவை. சேற்றைக் காப்பது அதை நம்பி வாழ்வோரைக் காப்பதாகும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் நீர்நிலையில் கலக்கும் கழிவுகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் சேற்றில் நிலைத்துத் தங்குபவை எவை என வகுப்பறையில் கலந்துரையாடுக.