நல்ல நெல்லுக்கு நல்ல பெற்றோர்

புதிய நெல் ரகம் உருவாக்குவதில் முதல் வேலை பெற்றோர் தேர்வு ஆகும். அதிக மகசூல் தரும் இரண்டு ரகங்களை இனச்சேர்க்கை செய்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. இரண்டுக்கும் ஒரே குறை இருந்தால் அக்குறை சந்ததியிலும் நிற்கும். ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறை ஈடு செய்ய வேண்டும்.

ஐ.ஆர்.8 தரும் பாடம்

இந்தோனேசியாவின் பீட்டா வீரியமாக வளரும் உயரமான ரகம். உரம் கூடினால் சாய்ந்துவிடும். தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் குட்டை ரகம், சாயாது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1962-இல் இவை இரண்டும் சேர்க்கப்பட்டன. முதல் தலைமுறைப் பயிர்கள் உயரமாகவே வளர்ந்தன. இரண்டாம் தலைமுறையில் சுமார் நான்கில் ஒரு பங்கு குட்டையாக வந்தன. அவற்றிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த ஐ.ஆர்.8, 1966-இல் வெளியிடப்பட்டது.

விளைச்சல் பெருகியது. ஆனால் அரிசி பருமனாக இருந்தது, அரைவையில் நொறுங்கியது, பாக்டீரியா இலைக்கருகல் நோயும் தாக்கியது.

நம் மண்ணின் பங்கு

இக்குறைகளைத் தீர்க்கத் தமிழ்நாட்டின் டி.கே.எம்.6 உதவியது. சன்ன அரிசியும் தண்டு துளைப்பானைத் தாங்கும் திறனும் உடைய இந்த ரகம், திரூர்க்குப்பம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. கிச்சிலிச் சம்பா எனப்படும் ஜி.இ.பி.24 இதன் பெற்றோரில் ஒன்று. டி.கே.எம்.6-ஐப் பெற்றோராகக் கொண்டு 1969-இல் வந்த ஐ.ஆர்.20 சம்பா பட்டத்தில் பெரிதும் பரவியது. எனினும் அதைப் புகையான் தாக்கியது. புகையானை எதிர்க்கும் திறனைக் கேரளத்தின் பட்டாம்பி ரகங்களில் கண்டனர். பின்னர் தாசலையும் ஐ.ஆர்.20-ஐயும் சேர்த்து, களர், உவர் நிலத்தைத் தாங்கும் கோ.43 ரகம் 1982-இல் வெளியிடப்பட்டது.

உழவர்கள் கவனிக்க வேண்டியவை

1. விதை வாங்குமுன் ரகத்தின் பெற்றோர், வயது, எந்தப் பூச்சி நோயைத் தாங்கும், எதைத் தாங்காது என்பவற்றை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறியவும்.

2. வெள்ளம், வறட்சி, உவர், பூச்சி ஆகியவற்றில் மற்ற ரகங்கள் அழிந்தபோது தாக்குப்பிடித்த நாட்டு ரகம் இருந்தால் கைவிட வேண்டாம். மகசூல் குறைவாயினும் அந்த ஒரு குணம் நாளைய ரகத்திற்குத் தேவைப்படலாம். சில சென்ட் நிலத்தில் தனியே பயிரிட்டு, கலவன் நீக்கி, விதையை நன்கு உலர்த்திப் பத்திரப்படுத்தவும்.

3. இத்தகைய ரகத்தை 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி உழவர் பெயரில் பதிவு செய்யலாம். இதற்கு உழவர்கள் பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

ஒரு நாட்டு ரகம் அடியோடு அழிந்துவிட்டால் அதன் குணத்தை எந்த ஆராய்ச்சி நிலையமும் திரும்பப் பெறுவது அரிது. ஆகவே குதிரில் உள்ள பழைய விதையையும் காப்பது உழவரின் கடமை.